இலை விழுந்த கூண்டுகள்

கடிதத்தை அக்கா மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அது அதையேதான் சொன்னது. சோதனையில் இருந்த எலிகளுக்கு அனுமதி இல்லாமல் இலை தழை போட்டு ஆராய்ச்சியைக் கெடுத்ததாக அவள்மேல் சந்தேகம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இயக்குநர் அறையில் விசாரணை. குற்றம் உறுதியானால் நுழைவு அட்டை பறிக்கப்படும். கடைசி வரியில் இயக்குநரின் கையெழுத்து ஒரு புழுவைப் போல நெளிந்திருந்தது.

பத்தொன்பது வருடமாக எலிவீட்டில் இருப்பவள், நிலையத்தில் எல்லாருக்கும் அக்கா. ஆராய்ச்சி நிலையத்தின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத நான்கு அறைகளில், ஏறக்குறைய எண்ணூறு எலிகள். கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தீனியை நிறுத்துப் போடுவது, மிச்சத்தை மறுபடி நிறுத்துப் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் அக்காவின் ராஜ்யம். இயக்குநரே வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். ஒருமுறை அவர் அவசரத்தில் மறந்துவிட, "சார், எலிக்கு உங்களத் தெரியாது, எனக்குத் தெரியும். கையக் கழுவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியவள். அப்படிப்பட்டவளைத்தான் எலிகளிடம் அண்டவிடாதே என்று ஒரு காகிதம் சொல்லப் பார்த்தது. அட்டை போனால் இந்த எலிவீடு மட்டும் போகாது. வேறெந்த எலிவீடும் அவளைச் சேர்க்காது.

அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "எலிக்கு இலை போட்டதுக்கு ஒரு விசாரணை. எனக்கு இருபத்தாறு வருஷமா நீ போடற சாப்பாட்டுக்கு ஒருத்தனும் விசாரணை வைக்கலையே" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் பயமும் பெரிதாக இல்லை. "சின்ன டாக்டர் இருக்காளே. அவளோட எலிங்கதான் அதுங்க. நான் போடலைன்னு அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றாள்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. சின்ன டாக்டர் இந்த நிலையத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்து நான்கு வருடம் ஆகிறது. வந்த முதல் வாரத்திலேயே எலி கடித்து, கடித்த எலியைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு நின்றவளை உட்காரவைத்துக் கட்டுப்போட்டது அக்காதான். அன்றிலிருந்து அவள் அக்காவுக்குப் பாப்பா. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது பத்து நாள் தன் வீட்டில் வைத்துக் கஞ்சி கொடுத்தாள் அக்கா. மதியம் இருவரும் ஒரே சாப்பாட்டுப் பெட்டியில்தான் சாப்பிடுவார்கள். அக்கா கூண்டு கழுவும்போது சின்ன டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பாள்.

அவள் ஆராய்ச்சி ஒரு ஏற்பியை, அதாவது வேறு பொருள்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதத்தைப் பற்றியது. அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்று அதற்குப் பெயர். "பேர முழுசாச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எலி கிழமாயிடும் போலிருக்கே" என்று முதல் நாள் அக்கா கேலி செய்தாள். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டாள்.

அந்த ஏற்பி நம் உடம்பின் செல்களுக்குள்ளே சும்மா காத்துக்கொண்டிருக்குமாம். புகையில், எரிந்த குப்பையில், தொழிற்சாலைக் கழிவில் இருக்கும் சில விஷங்கள் வந்து அதில் ஒட்டிக்கொண்டால் தோல் கெடும், ஈரல் கெடும், சிலசமயம் புற்றுநோயே வரும். அதனால் வெகுகாலம் அதை விஷத்தின் கூட்டாளி என்றே விஞ்ஞானிகள் நினைத்தார்களாம். அப்புறம் பார்த்தால், முட்டைக்கோஸ் மாதிரி இலைகள் செரிக்கும்போது உண்டாகும் சத்தும் அதே ஏற்பியில்தான் போய் ஒட்டுகிறது. அப்படி ஒட்டினால்தான் குடலின் உள்சுவரில் காவல் நிற்கும் செல்கள் உயிரோடு நிற்கும். இலையே இல்லாத தீனி போட்டு வளர்த்த எலிக்கு அந்தக் காவல் குறைந்துபோகும், ஒரு சின்னக் கிருமி வந்தாலும் சுருண்டுவிடும்.

"ரெண்டும் ஒரே ஏற்பியா? அது எப்படி ஒண்ணு காக்குது, ஒண்ணு கொல்லுது?" என்று அக்கா கேட்டாள்.

"அதைத்தான் எல்லாரும் மண்டையப் பிச்சுக்கறோம்."

அக்கா கூண்டைக் கவிழ்த்துத் தண்ணீர் வடித்தபடி யோசித்தாள். "வாசல் மணி மாதிரியோ என்னமோ. இலை வந்து ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடுது. விஷம் வச்ச விரல எடுக்காம அழுத்திட்டே நிக்குது. அப்ப வீட்ல இருக்கறவனுக்குப் பைத்தியம் பிடிக்காதா?"

சின்ன டாக்டர் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டாள். அடுத்த மாதம் ஒரு பெரிய கூட்டத்தில் அந்த வாசல் மணியையே சொல்லிக் கைதட்டு வாங்கிவந்தாள். யார் சொன்னது என்று அங்கே சொல்லவில்லை. அக்காவுக்கும் அது தோன்றவில்லை, கைதட்டினார்கள் என்று கேட்டதிலேயே அன்று முழுக்க வாயெல்லாம் பல்லாக இருந்தாள்.

போன வருடம் சின்ன டாக்டர் தன் பெரிய சோதனையை ஆரம்பித்தாள். இலை செய்கிற வேலையைத் தான் உருவாக்கிய மருந்து செய்யும் என்று காட்டவேண்டும். முப்பது கூண்டு எலிகள். எல்லாவற்றுக்கும் தாவரச் சத்து அறவே நீக்கிய வெள்ளைத் தீனி. தினமும் காலையில் ஒவ்வொரு எலிக்கும் ஒரு சின்ன ஜெல்லித் துண்டு. பதினைந்து கூண்டுகளின் ஜெல்லியில் மருந்து, மற்ற பதினைந்தில் வெறும் ஜெல்லி. வித்தியாசம் தெரியாதபடி எல்லாவற்றுக்கும் ஒரே காப்பி நிறம் கலந்திருந்தது. எந்த எண்ணுள்ள கூண்டுக்கு எது என்பது சின்ன டாக்டருக்கு மட்டும்தான் தெரியும். ஜெல்லியை அவளே செய்து அவளே போட்டாள். மற்றதெல்லாம் அக்கா.

மூன்றாவது வாரம் மரத்தூளை மாற்றும்போது அக்காவின் கண்ணில் ஒன்று பட்டது. வெள்ளைத் தீனி தின்னும் எலியின் புழுக்கை வெளிறித்தான் இருக்கும். சில கூண்டுகளில் அது கரும்பச்சையாக இருந்தது. போய்ச் சொன்னாள்.

சின்ன டாக்டர் கையிலிருந்த ஜெல்லித் தட்டை மூடிவைத்தாள். பிறகு, "அது மருந்தோட நிறம்கா. நீங்க அதைப் பதிவேட்டுல எழுதிடாதீங்க. எழுதினா எந்தக் கூண்டுக்கு மருந்து போகுதுன்னு படிக்கறவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிடும். சோதனையே கெட்டுடும்" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. பத்தொன்பது வருடத்தில் ஒரு கிராம் தீனி சிந்தினாலும் எழுதியவள், அந்தப் பச்சையை எழுதவில்லை. சொன்னது வேறு யாராவதாக இருந்திருந்தால் எழுதியிருப்பாள். தன் ஆள் சொல்லும்போது யார்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்.

பத்தாவது வாரம் எல்லா எலிகளுக்கும் குடல் கிருமி கொடுத்தார்கள். பதினைந்து கூண்டுகள் படுத்துவிட்டன. அந்தப் பதினைந்தின் எண்களும் அக்காவுக்கு மனப்பாடம், ஏனென்றால் அந்த எலிகளின் பின்புறத்தை வெந்நீர்ப் பஞ்சால் துடைத்துவிட்டவள் அவள்தான். மற்ற பதினைந்தும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடி விளையாடின. மருந்து ஜெயித்துவிட்டது. கட்டுரை வந்தது. சின்ன டாக்டரின் வேலை இன்னும் ஐந்து வருடத்துக்கு உறுதியானது. அன்று இருவரும் எலிவீட்டு வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

ஏழு மாதம் கழித்துத்தான் வினை வந்தது. வேறொரு நிலையத்தில் அதே மருந்தை அதே அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், ஒரு எலியும் பிழைக்கவில்லை. எழுதிக் கேட்டார்கள். இங்கே உறைபெட்டியில் இருபது கூண்டுகளின் குடல் மாதிரிகள் இருந்தன. நிலையத்து விலங்கு மருத்துவர் அவற்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். அவர் முன்பு பண்ணைகளில் வேலை பார்த்ததால் மாட்டு டாக்டர் என்றே பெயர். பத்து மாதிரிகளில் பொடிப்பொடியாக இலைத்தோல் இருந்தது. தாவரவியல்காரர்களிடம் அனுப்பினார். முட்டைக்கோஸ் இனம் என்று பதில் வந்தது.

எலிவீட்டில் இலை என்றால் யார் கொண்டுவந்திருப்பார்கள்? ஆராய்ச்சி செய்பவரா கொண்டுவருவார்? உடனே அக்காவுக்குக் கடிதம் போய்விட்டது.

திங்கட்கிழமை அறையில் நான்கு பேர் இருந்தார்கள். இயக்குநர், மாட்டு டாக்டர், கோப்பும் கையுமாக நிர்வாக அதிகாரி, ஜன்னலோரம் சின்ன டாக்டர். அக்கா உள்ளே வந்ததும் அவளைப் பார்த்துத்தான் சிரித்தாள். சின்ன டாக்டர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இலை போட்டீங்களா?" என்று இயக்குநர் நேராகவே கேட்டார்.

"இல்லை சார்."

"அப்ப எப்படி வந்தது?"

"தெரியலை சார். பாப்பாவையே கேளுங்க. நான் அப்படிச் செய்யறவளான்னு அவளுக்குத் தெரியும்."

எல்லாரும் திரும்பினார்கள். சின்ன டாக்டர் பேனாவைப் பார்த்தபடியே பேசினாள்.

"அக்கா ரொம்ப நல்லவங்க சார். வேணும்னு எதையும் கெடுக்க மாட்டாங்க. ஆனா அவங்களுக்கு இரக்க குணம் ஜாஸ்தி. முன்னாடியும் ஒருதரம் அனுமதி இல்லாம ஒரு எலிக்கு ஆப்பிள் போட்டிருக்காங்க. அவங்களே என்கிட்ட சொல்லியிருக்காங்க. இதையும் பாவம்னு நினைச்சுத்தான் செஞ்சிருப்பாங்க. பெரிய தண்டனை எதுவும் வேண்டாம் சார், அட்டையை மட்டும்..." என்று இழுத்து நிறுத்தினாள்.

ஆப்பிள் போட்டது உண்மை. ஆறு வருடத்துக்கு முன்னால், சோதனை முடிந்து மறுநாள் சாகப்போகும் ஒரு கண் தெரியாத கிழ எலிக்குத் தன் மதியப் பழத்தில் ஒரு கீற்று நறுக்கிப் போட்டாள். அந்த எலியால் எந்தக் கணக்கும் கெடவில்லை. என்றாலும் தவறு தவறுதான், அது அவள் மனதில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. கணவரிடம்கூடச் சொல்லாததை, காய்ச்சலில் படுத்திருந்த இந்தப் பெண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒருநாள் சொன்னாள். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது நினைவிருக்கிறது. அதை இவள் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள், வேண்டும்போது எடுத்துப் போட.

"ஆப்பிள் போட்டது நிஜமா?" என்றார் நிர்வாக அதிகாரி. அவர் பேனா ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தது.

"நிஜம்" என்றாள் அக்கா. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"அப்ப இதுவும்..."

"அது நிஜம். இது இல்லை." வந்தது ஆத்திரமா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இருந்தாலும் புத்தி ஏதோ ஒரு மூலையில் வேலை செய்துகொண்டிருந்தது. "சார், இலை இருந்த கூண்டு நம்பரைக் கொஞ்சம் படிங்க" என்று மாட்டு டாக்டரைக் கேட்டாள்.

அவர் படித்தார். இரண்டு, மூன்று, ஏழு, எட்டு, பதினொன்று என்று போனது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இதுல ஒண்ணுகூடப் படுத்த கூண்டு இல்லை சார். நான் பாவம் பார்த்துப் போட்டிருந்தா, படுத்துக்கிடந்ததுங்களுக்குப் போட்டிருப்பேன். நல்லா ஓடிட்டிருக்கறதுக்கு எதுக்குப் போடணும்?"

நிர்வாக அதிகாரி சளைக்கவில்லை. "நீங்க இலை போட்டதாலதான் அதெல்லாம் படுக்கலை."

"சரி, அப்படியே வச்சுக்குங்க. அப்ப கிருமி கொடுக்கறதுக்கு முன்னாடியே நான் போட்டிருக்கணும். அப்போ எல்லா எலியும் ஒரே மாதிரிதான் இருந்தது. பாவம் பார்க்க அங்க ஒண்ணுமே இல்லையே." இயக்குநரிடம் திரும்பினாள். "எந்தக் கூண்டுக்கு மருந்துன்னு ஒரு தாள் இருக்கு. கட்டுரையோட கோப்புல இருக்கும். அதையும் இவர் கையில இருக்கற தாளையும் பக்கத்துல பக்கத்துல வைங்க சார்."

கோப்பிலிருந்து தாளை எடுத்தார்கள். மாட்டு டாக்டர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இலை இருந்த பத்தும் மருந்துக் கூண்டுகள். இலை இல்லாத பத்தும் வெறும் ஜெல்லி. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் மறுபடியும் மேலிருந்து பார்த்தார்.

"அந்தத் தாளை நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றாள் அக்கா. "சோதனை நடக்கும்போது அது ஒருத்தர்கிட்ட மட்டும்தான் இருந்தது. இன்னொண்ணு சார். பாவம்னு போடறவ கையில கிடைச்சதப் போடுவா. பழம் போடுவா, ரொட்டி போடுவா. இது முட்டைக்கோஸ். அந்த ஏற்பியப் போய்த் தொட்டு, குடல் காவலை நிறுத்தி வைக்கற இலை. அது தெரிஞ்ச கைதான் அதை ஜெல்லியில பொடிச்சுப் போட்டிருக்கு. மருந்து வேலை செய்யும்னு நம்பிக்கை இல்லாமப் போட்டிருக்கு. புழுக்கை பச்சையா இருக்குன்னு நான் போய்ச் சொன்னேன். எழுதாதீங்கன்னாங்க. எழுதாம விட்டது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன்."

நிர்வாக அதிகாரி பேனாவை மூடினார். இயக்குநர் சின்ன டாக்டரைப் பார்த்தார். அவள் பார்வை இப்போது பேனாவில் இல்லை. வாயைத் திறந்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பயம் இருந்தது, அவமானமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே வேறு ஏதோ ஒன்று இருந்தது. அது என்னவென்று அக்காவுக்கு அப்போது விளங்கவில்லை.

"நீங்க போய் வேலையைப் பாருங்க" என்றார் இயக்குநர் அக்காவிடம், கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு. "பதிவேட்டு விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம். அட்டை உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஜெயித்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் அடிக்கவே போயிருப்பாள். வெளியே வந்து தாழ்வாரத்துச் சுவரில் கையை ஊன்றி நின்றாள். வேலை போய்விடுமே என்ற பயத்தில் ஒரு பெண் பொய் சொல்வாள்தான். பயந்த பிராணி கடிக்கும் என்பது எலிவீட்டுக்காரிக்குத் தெரியாதா. ஒருநாள் அழுது தீர்த்துவிட்டு மன்னித்தும் விடலாம். அவளாகவே அப்படி ஒரு சமாதானத்தைத் தேடிக்கொண்டு நின்றாள்.

கால் மணி நேரம் கழித்துப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சின்ன டாக்டர். கண் சிவந்திருந்தது.

"அக்கா" என்றாள்.

அக்கா திரும்பினாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்றுதான் நினைத்தாள். கேட்டிருந்தால் அங்கேயே கரைந்தும் போயிருப்பாள், அவ்வளவு இளகின மனசுதான் அது.

"உங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரிஞ்சது? யார் சொல்லிக் குடுத்தாங்க? மாட்டு டாக்டரா?"

"எதெல்லாம்?"

"ஏற்பி, குடல் காவல், முட்டைக்கோஸ். எல்லாம்."

"நீதானே சொன்ன."

"நான் சும்மா பேசிட்டிருந்தேன்கா." அவள் உண்மையாகவே குழம்பிப்போயிருந்தாள், அதுதான் கொடுமை. "பேசினா எனக்குத் தெளிவாகும், அதனால சொல்லிட்டிருப்பேன். உங்களுக்குப் புரியும்னு நான் நினைக்கவே இல்லை."

அறையில் அந்த முகத்தில் பார்த்தது என்னவென்று இப்போது விளங்கியது. ஆச்சரியம். கூண்டுக்குள் இருந்து ஒரு எலி வாய் திறந்து பேசினால் வருமே, அந்த ஆச்சரியம்.

ஆப்பிளைக் காட்டிக்கொடுத்தது வலித்தது. பழியைத் தூக்கித் தன் தலையில் கட்டியதும் வலித்தது. அதற்கெல்லாம் தாங்கிய நெஞ்சு இந்த ஒரு வாக்கியத்துக்குத் தாங்கவில்லை. எத்தனை மதியங்கள், எத்தனை கேள்விகள், எத்தனை முறை தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு ஒரு வார்த்தையும் தவறவிடாமல் கேட்டாள். இருவராக இருந்ததாக அக்கா நினைத்த அந்த ஸ்டூலடியில், சின்ன டாக்டரின் கணக்கில் அவள் மட்டும்தான் இருந்திருக்கிறாள்.

"அப்ப இந்த நாலு வருஷமும் நீ யார்கிட்ட பேசிட்டிருந்த?" என்று அக்கா கேட்டாள்.

அக்கா எலிவீட்டுக்குப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, கை எப்போதோ சுத்தமாகியிருந்தது.